டக்டுக்குள் வரும் புகையைப் பிடிப்பது எப்படி? டக்ட் ஸ்மோக் டிடெக்டர்: தொடக்கநிலைக்காரர்களுக்கான செய்முறை

ஒரு அறையில் எழும் புகையைக் கட்டிடத்தின் மற்ற அறைகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க, மைய ஏசியை விட வசதியான வழி வேறில்லை. 1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் தீ பிடித்தது கீழ்த்தளத்து உணவகத்தில். இறந்த 80-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானவர்கள் தீ எட்டாத மேல் மாடிகளில் புகையால் இறந்தார்கள். லிஃப்ட் குழிகள், படிக்கட்டுகளோடு காற்றோட்ட அமைப்பும் அந்தப் புகைக்குப் பாதையானது.

மைய ஏசியின் காற்று அறைகளுக்குப் போய் வரும் பாதைதான் டக்ட். அதில் புகை வருகிறதா என்று பார்க்கும் கருவி டக்ட் ஸ்மோக் டிடெக்டர். அதன் வேலை ஆட்களை எச்சரிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காற்றை ஊதும் ஃபேனை நிறுத்துவதுதான் அதன் முதல் வேலை. ஃபேன் ஓடாத நேரத்தில் டக்டில் காற்று நகராது, டிடெக்டருக்கு எதுவும் தெரியாது. ஓடும்போதும், ஒரு அறையின் புகை பத்து அறைகளின் சுத்தமான காற்றோடு கலந்து நீர்த்துப்போய்த்தான் அதனிடம் வரும். எனவே இதைப் பொருத்திவிட்டு அறைகளில் உள்ள டிடெக்டர்களைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 1: இடம் தேர்வு

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். காற்றை அனுப்பும் சப்ளை டக்டில், ஃபில்டரைத் தாண்டி, முதல் கிளை பிரிவதற்கு முன்னால் வையுங்கள். ஃபில்டரே தீப்பிடிக்கலாம், ஃபேன் மோட்டாரும் பெல்ட்டும் கருகலாம். அவற்றைக் கடந்த பிறகு வைத்தால்தான் அந்தப் புகை அகப்படும். கிளை பிரிந்த பிறகு வைத்தாலோ, மற்றக் கிளைகளில் போகும் புகை அதன் கண்ணில் படாது.

திரும்பி வரும் ரிட்டர்ன் டக்டிலும் வைப்பதானால், வெளிக்காற்று வந்து கலக்கும் இடத்துக்கு முன்னால் வையுங்கள். எந்த அளவு அமைப்புக்கு எங்கே கட்டாயம் என்பதை உங்கள் பகுதி விதிகள் சொல்லும். அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பான என்.எஃப்.பி.ஏ. வெளியிட்டு, பல இடங்களில் பின்பற்றப்படும் 90ஏ விதி, நிமிடத்துக்கு 2,000 கன அடிக்கு மேல் காற்று தரும் சப்ளை அமைப்புகளுக்கு இதைக் கேட்கிறது.

அடுத்து, வளைவுகள். டக்ட் வளையும் இடத்தில் காற்று சுழலும், புகை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். டக்டின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு நேர்த்தூரம் விட்டு வைப்பது நல்ல வழக்கம். நிஜக் கட்டிடங்களில் அவ்வளவு நேர்த்தூரம் கிடைப்பது அபூர்வம். கிடைக்காதபோது, இருப்பதிலேயே நீளமான நேர்ப்பகுதியை எடுத்துக்கொண்டு, படி 4-ஐ இன்னும் கவனமாகச் செய்யுங்கள். ஈரப்பதமூட்டிக்கு அருகே வேண்டாம், நீர்த்துளியைப் புகை என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், ஏணி போட்டு ஒரு ஆள் எட்டக்கூடிய இடமா என்று பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் புதைந்த டிடெக்டரை யாரும் சுத்தம் செய்யப்போவதில்லை.

படி 2: குழாய்கள்

டிடெக்டரின் பெட்டி டக்டுக்கு வெளியே இருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் உள்ளே போகும். வரிசையாகத் துளைகள் போட்ட நீளக் குழாய் காற்றை உள்ளிழுக்கும், குட்டையான குழாய் அதைத் திருப்பி விடும். பெட்டிக்குள் பம்பு ஏதும் பொதுவாக இருக்காது. இரண்டு குழாய்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடுதான் காற்றை இழுக்கிறது. அதனால் நீளக் குழாயின் துளைகள் காற்று வரும் திசையைப் பார்த்தே இருக்க வேண்டும். திசை மாறினால் விளக்கு பச்சையாகவே எரியும், புகை மட்டும் உள்ளே வராது.

நீளக் குழாய் டக்டின் அகலத்தில் பெரும்பகுதியைக் கடக்க வேண்டும். கடைசி முனையில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் 3 அடியைத் தாண்டினால் எதிர்ச் சுவரிலும் தாங்கல் கொடுங்கள், இல்லையென்றால் காற்றில் ஆடும்.

படி 3: துளையிட்டுப் பொருத்துதல்

துளையிட வேண்டிய இடங்களைக் குறித்துப் பெட்டியோடு வரும் அச்சுத்தாளை டக்டின் மேல் ஒட்டி, ஃபேனை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள். ஓரங்களைச் சீவி, காற்றுக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வைத்து இறுக்குங்கள். அவ்வளவுதான்.

படி 4: அழுத்த வேறுபாடு பார்த்தல்

பலர் தாண்டிப்போகும் படி இது. ஃபேனை ஓடவிட்டு, அழுத்தம் அளக்கும் கருவியான மானோமீட்டரால் இரண்டு குழாய்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அளந்து பாருங்கள். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எல்லைக்குள் அது இருக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் கீழ் எல்லை 0.01 அங்குல நீர் அளவுக்கு (இது அழுத்தத்தின் ஓர் அலகு) அருகில் இருக்கும். வேறுபாடு குறைந்தால் துளைகளின் திசை, முனை மூடி, கேஸ்கெட் கசிவு மூன்றையும் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறவில்லையென்றால் இடம்தான் தவறு, படி 1-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

படி 5: ஒயரிங்

இதை உரிமம் பெற்ற டெக்னீஷியனிடம் விடுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: புகை வந்தால் ஃபேன் நிற்க வேண்டும், ஸ்மோக் டேம்பர்கள் (டக்டுக்குள் புகையை அடைக்கும் கதவுகள்) மூட வேண்டும், கட்டிடத்தின் தீ அலாரங்களைக் கட்டுப்படுத்தும் பேனலுக்குச் சிக்னல் போக வேண்டும். யாராவது வந்து ரீசெட் செய்யும்வரை ஃபேன் தானாக ஓடத் தொடங்கக்கூடாது. புகையை வெளியேற்றவே வடிவமைத்த ஃபேன்கள் இருந்தால் கதை வேறு. அவை வடிவமைப்பாளர் தந்த வரிசைப்படி இயங்க வேண்டும்.

படி 6: சோதனை

தொடங்கும் முன் பேனலைக் கண்காணிப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பெட்டியில் குறித்த இடத்தில் காந்தத்தை வைத்தால் அலாரம் வரும். இது மின்சுற்றை மட்டுமே சோதிக்கிறது; குழாய் முழுக்கத் தூசி அடைத்திருந்தாலும் காந்தச் சோதனையில் தேறிவிடும். எனவே கையேடு அனுமதிக்கும் சோதனைப் புகையையும் செலுத்திப் பாருங்கள். அந்த நேரத்தில் விளக்கை மட்டும் பார்க்காமல், ஒருவரை ஃபேன் அருகே நிறுத்தி அது உண்மையிலேயே நின்றதா என்று கேளுங்கள். டேம்பர்களையும் நேரில் பாருங்கள்.

பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது இதே சோதனையைச் செய்யுங்கள், கூடவே குழாய்களையும் சென்சாரையும் சுத்தம் செய்யுங்கள். தூசி அதிகமுள்ள கட்டிடத்தில் இன்னும் அடிக்கடி. காரணமில்லாமல் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் அதன் ஒயரைக் கழற்றிவிடுவது சுலபம்தான், ஆனால் செய்யாதீர்கள். ஃபில்டர் கிழிந்திருக்கிறதா, பக்கத்தில் ஈரம் ஒழுகுகிறதா, வெளிக்காற்று வரும் வாயிலருகே வண்டிகள் நின்று புகை விடுகின்றனவா என்று பாருங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால் மட்டும் சென்சாரை மாற்றுங்கள்.