கிணற்றில் போட்ட கல்லும் விட்டுப்போன பாதியும்

பிளஸ் ஒன் பிள்ளைகளின் இயற்பியல் நோட்டைத் திருத்தும்போது, அந்த வயதில் நான் செய்த தப்புகள் அப்படியே கண்முன் வந்து நிற்கின்றன. கிலோமீட்டரை மீட்டராக்க மறப்பது, விடையில் அலகு எழுதாமல் விடுவது எல்லாம் இரண்டு பரீட்சையில் மார்க் போனால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாத தப்புகள் இவை.

கடைசி வேகத்தை நேரத்தால் பெருக்குவது

நான் பிளஸ் ஒன் படித்த வருஷம், மாமா தன் கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டார் வாங்கினார். தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று என்னைக் கேட்டார். கல்லைப் போட்டேன். தொபுக்கென்று சத்தம் வர இரண்டு விநாடி ஆனது. விழும் கல்லுக்கு வேகம் விநாடிக்கு 10 மீட்டர் வீதம் கூடும் (உண்மையில் 9.8, கணக்குக்கு வசதியாக 10), இரண்டு விநாடியில் 20, அதை நேரத்தால் பெருக்கினால் 40. "நாப்பது மீட்டர் மாமா" என்றேன். படிக்கிற பையன் சொல்கிறான் என்று நம்பி, அந்தக் கணக்குக்கே பைப்பும் கேபிளும் வெட்டி வாங்கி வந்துவிட்டார். கயிற்றில் கல் கட்டி இறக்கினால் 19 மீட்டரிலேயே நனைந்தது. வெட்டிய பைப்பைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சப் பைப் சுருள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் பல வருஷம் தொங்கியது.

அந்த 20, கல் தண்ணீரைத் தொட்ட கணத்து வேகம். கையை விட்ட கணத்தில் வேகம் சுழி. நடுவில் சீராகக் கூடியிருக்கிறது. ஆகவே சராசரி 10. இரண்டு விநாடிக்கு 20 மீட்டர். தூரம் = ½ × முடுக்கம் (வேகம் கூடும் வீதம்) × நேரம்² என்ற சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ½ இதுதான். மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகளிடம் "இந்த அரை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். வேகம் × நேரம் என்று எழுதும் முன் "எந்த வேகம்?" என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. பத்து மடங்கு பிசகினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தத் தப்பு எப்போதும் சரியாக இரண்டு மடங்குதான் காட்டும், அதனால் விடை நியாயமாகவே தோன்றும்.

ஒவ்வொரு விநாடியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் விநாடியில் கல் 5 மீட்டர் இறங்கும். இரண்டாவதில் 15, மூன்றாவதில் 25. ஒன்று, மூன்று, ஐந்து என்று போகும் இந்த விகிதத்தைக் கண்டு சொன்னவர் கலிலியோ. அவரே 1604-இல் எழுதிய கடிதம் ஒன்றில், வேகம் விழுந்த தூரத்துக்கு ஏற்பக் கூடும் என்று தவறாக நினைத்திருந்தார். நேரத்துக்கு ஏற்பத்தான் கூடும் என்ற திருத்தம் 1638-இல் வந்த அவருடைய நூலில் இருக்கிறது. நேரம் இரண்டு மடங்கானால் ஆழம் நான்கு மடங்கு என்பதும் இதிலிருந்தே வருகிறது.

உச்சியில் முடுக்கம் சுழி என்பது

மேலே எறிந்த பந்தின் வேகம்தான் அங்கே சுழி. முடுக்கம் அப்போதும் 9.8, கீழ்நோக்கி.

கனமானது முந்தும் என்பது

காற்று தடுத்தால்தான் வித்தியாசம். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலாவில் ஒரு சுத்தியலையும் வல்லூறு இறகையும் சேர்த்துப் போட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

போக 40, வர 60, சராசரி 50

ஒரே தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டரில் போய் 60-இல் திரும்பினால் சராசரி வேகம் 50 இல்லை, 48. மெதுவாகப் போன பாதையில் அதிக நேரம் செலவாகிறது.

சத்தம் ஏறிவரும் நேரத்தை மறப்பது

ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 20 மீட்டர் ஆழத்துக்கு இதனால் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் கூடுதலாகக் காட்டும். 45 மீட்டர் என்றால் நான்கு மீட்டர் வரை பிசகும். அதைவிடப் பெரிய தொல்லை கைதான்: இரண்டு விநாடிக் கிணற்றில் ஸ்டாப்வாட்சை 0.1 விநாடி தாமதமாக அமுக்கினாலே இரண்டு மீட்டர் கூடிவிடும். ஐந்து தடவை கல்லைப் போட்டுச் சராசரி எடுங்கள், பைப் வாங்கும் முன் கயிற்றையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.