மைக்ரோ ஆர்என்ஏ: ரத்த மாதிரியில் செய்யக்கூடாத தவறுகள்

2024-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் நோபல் வாங்கிய பிறகு, மைக்ரோ ஆர்என்ஏ புராஜெக்ட் வேண்டும் என்று எங்கள் கோவை ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகள் அதிகம். சுமார் 22 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ள இந்த ஆர்என்ஏ துணுக்கு, எந்த மரபணு எவ்வளவு புரதம் செய்யலாம் என்று அடக்கி வைக்கிறது. நோயில் அதன் அளவு மாறுவது ரத்தத்திலேயே தெரிகிறது. ஆசைப்படுவது நியாயம்தான். கையுறை, ஐஸ் பற்றியெல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை.

சிவப்பணு உடைந்த ரத்தத்தைச் சோதனையில் ஓட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. எங்கள் மாணவர்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் முகாம் போட்டு சர்க்கரை நோயாளிகளிடம் ரத்தம் எடுத்தார்கள். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்து, டியூபைக் குலுக்கி, பஸ்ஸில் கோவைக்குக் கொண்டுவந்து மாலையில்தான் மையவிலக்கியில் சுழற்றினார்கள். "அக்கா, நோயாளிகளுக்கு 451 எகிறிக் கெடக்குதுங்க!" என்று ஒரு மாணவி ஓடிவந்தாள் (மைக்ரோ ஆர்என்ஏக்களுக்குப் பெயர் எண்தான்; 451 என்றால் 451ஏ). "டியூபைக் கொண்டா கண்ணு" என்றேன். அணுக்கள் பிரிந்தபின் வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டிய ரத்த நீர், அதாவது பிளாஸ்மா, ரோஸ் நிறத்தில் இருந்தது.

451ஏ, 16, 486 மூன்றும் சிவப்பணுவுக்குள் நிறைந்து கிடப்பவை. அணு உடைந்தால் பிளாஸ்மாவில் கொட்டிவிடும். ஒப்பிட எடுத்த ஆரோக்கியமானவர்களின் ரத்தமோ ஆய்வகத்திலேயே எடுத்து உடனே சுழற்றியது. அவள் அளந்தது பஸ் பயணத்தைத்தான். கிட் செலவு போகட்டும். மஞ்சள் காட்டுக் கூலியை விட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டியவர்களிடம் மறுபடி எப்படிக் கேட்பது?

முகாமிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரியுங்கள். தட்டணு போக இன்னொரு சுற்று விட்டு, உறையவைத்துக் கொண்டுவாருங்கள். இரு தரப்பு ரத்தத்தையும் ஒரே மாதிரி எடுங்கள். லேசான உடைப்பு கண்ணுக்குத் தெரியாது. 414 நானோமீட்டர் ஒளியில் ஹீமோகுளோபின் பாருங்கள். பிசிஆரில் (மரபுப் பொருளைப் பெருக்கி அளக்கும் சோதனை), சிவப்பணு உடைந்தாலும் அவ்வளவாக மாறாத 23ஏ-யின் சிடி மதிப்பிலிருந்து (எத்தனையாவது சுற்றில் தெரிகிறது என்ற எண்) 451ஏ-யின் மதிப்பைக் கழித்து, 7-ஐத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள்.

பச்சை மூடி டியூப்

ரத்தம் உறையாமல் இருக்க அதில் போட்டிருக்கும் ஹெபாரின் பிசிஆரை முடக்கும். இடிடிஏ போட்ட ஊதா மூடி எடுங்கள்.

சாதாரண ஆர்என்ஏ கிட்

பல கிட்டுகளில் 200 எழுத்துக்குக் குறைந்தவை கழுவும்போதே போய்விடும்.

பிளாஸ்மாவுக்கு யூ6 ஒப்பீடு

வேண்டாம். யூ6 செல்லுக்குள் இருக்கும் சிறு ஆர்என்ஏ; பிளாஸ்மாவில் அதன் அளவு நிலையாக இருக்காது.

ஒரு மைக்ரோ ஆர்என்ஏ, ஒரு நோய் என்று எழுதுவது

122 ஏறினால் கல்லீரல் செல் சேதமாகிறது என்று தெரியும். காரணம் மஞ்சள் காமாலை வைரஸா, அளவு மீறிய பாராசிட்டமாலா என்று அது சொல்லாது. 21 பல புற்றுநோய்களில் ஏறும், அழற்சியிலும் ஏறும். ஒன்றே நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுவதால் மருந்தாக்குவதும் சிக்கல். 34ஏ-யைப் போலச் செய்த எம்ஆர்எக்ஸ்34 மருந்தின் புற்றுநோய்ச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளும் மரணங்களும் நேர்ந்ததால் 2016-இல் நின்றுபோனது. ஆய்வேட்டில் "விரைவில் சிகிச்சைக்கு வரும்" என்று எழுதுமுன் அந்த முடிவுகளைப் படித்துவிடுங்கள்.