கொடைக்கானல் மலையிலிருந்து என்ஜிசி 4151: நடுவில் சுழலும் வாயுவின் வேகத்தை அளப்பது எப்படி?

1909-ல் கொடைக்கானல் ஆய்வகத்தில் வானியலாளர் எவர்ஷெட், சூரியப்புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோடு நகர்ந்ததை வைத்தே கண்டுபிடித்தார். என்ஜிசி 4151 என்ற கேலக்ஸியிலும் அதே டாப்ளர் கணக்குதான்: வாயு நம்மை நோக்கியோ விலகியோ ஓடினால் அதன் நிறமாலைக் கோடு இடம் மாறும். ஆனால் அங்கே நொடிக்கு ஓரிரு கி.மீ.; இந்த கேலக்ஸியின் கருந்துளையைச் சுற்றி ஆயிரக்கணக்கான கி.மீ.

8 அங்குல டெலஸ்கோப், மோட்டார் மவுண்ட், ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும், பிளவு உள்ள ஸ்பெக்ட்ரோகிராஃப் (பிரிதிறன், அதாவது அலைநீளத்தைக் கருவி பிரித்துக்காட்டும் மிகச்சிறிய இடைவெளியால் வகுத்தால் வருவது, 600 போதும்), குளிரூட்டிய கருப்பு-வெள்ளை கேமரா, அலைநீளம் தெரிந்த கோடுகளைத் தரும் நியான்-ஆர்கான் விளக்கு ஆகியவை வேண்டும். பிளவில்லாத கிரேட்டிங் வேண்டாம். கேலக்ஸி புள்ளியாக இல்லாமல் படர்ந்து தெரிவதால் கோடுகளும் அதனால் பரவிவிடும்.

மார்ச் நள்ளிரவு சரியான நேரம். சப்தரிஷி மண்டலத்துக்குத் தெற்கே, வடவானில் சுமார் 61 பாகை உயரத்தில் நிற்கும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் டவுன் வெளிச்சம் தொல்லை குறைவு. மேகமில்லாவிட்டாலும் பனி இறங்கும். லென்ஸைச் சுற்றிய ஹீட்டர் பட்டையை இருட்டும்போதே போட்டுவிடுங்கள். ஈரம் படிந்த பிறகு போட்டால் காய நேரமாகும்.

கேலக்ஸியின் நடுவைப் பிளவில் நிறுத்தி 10 நிமிடப் படங்கள் 9 எடுங்கள். மூன்று படத்துக்கு ஒருமுறை விளக்கின் நிறமாலையையும் எடுக்கணும். இரவில் குளிர் ஏற ஏற உலோகம் சுருங்கி, கோடுகள் கேமராவில் இடம் மாறும். மாலையில் எடுத்த ஒரே அளவீட்டை வைத்து விடியும்வரை ஓட்டுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அளக்கத் தொடங்குமுன் கோடுகளை அடையாளம் காணுங்கள். இந்த கேலக்ஸி நம்மைவிட்டு நொடிக்கு ஏறக்குறைய 1,000 கி.மீ. வேகத்தில் விலகுவதால், 4861 ஆங்ஸ்ட்ராமில் (அலைநீளத்தின் அலகு) இருக்கவேண்டிய ஹெச்-பீட்டா என்ற ஹைட்ரஜன் கோடு 4877 அருகே வரும். 4959, 5007-ல் இருக்கவேண்டிய ஆக்சிஜன் கோடுகள் இரண்டும் 4975, 5023 அருகே ஊசிபோல் நிற்கும். ஹெச்-பீட்டாவோ ஊசியின் அடியில் பரந்த மேடு. கருந்துளையைச் சுற்றும் வாயு நம்மை நோக்கியும் விலகியும் ஓடுவதால் வரும் அகலம் அது; நாம் அளக்கப்போவது அதைத்தான்.

இனி கணக்கு. முதலில் பின்னணி ஒளியைக் கழியுங்கள். கழிக்காவிட்டால் பாதி உயரம் எங்கே என்பதே தப்பாகிவிடும். பிறகு மேட்டின் மேல் நிற்கும் ஒல்லியான ஹெச்-பீட்டா ஊசியை நீக்குங்கள். சிவப்புப் பக்கம் 4959 ஆக்சிஜன் கோடு ஒட்டிக்கொள்ளும். அதன் உயரம் 5007 கோட்டின் மூன்றில் ஒன்று என்பதால் அதையும் கழித்துவிடலாம். மிஞ்சிய மேட்டின் அகலம் பாதி உயரத்தில் 90 ஆங்ஸ்ட்ராம் வந்தால்:

90 ÷ 4877 × 3,00,000 = சுமார் 5,500 கி.மீ./நொடி.

கருவியின் சொந்த அகலம் 8 ஆங்ஸ்ட்ராம், அதாவது 500 கி.மீ./நொடி. அதை வர்க்கங்களாகக் கழிக்கும்போது (90² − 8²-இன் வர்க்கமூலம்) 90-ல் கிட்டத்தட்ட ஒன்றும் குறையாது. ஆக்சிஜன் கோட்டில் நிலைமை வேறு. அந்த வாயு மையத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகள் தள்ளி, நொடிக்குச் சில நூறு கி.மீ.யில்தான் நகர்கிறது. நீங்கள் அளக்கும் 9 ஆங்ஸ்ட்ராமில் பெரும்பகுதி உங்கள் கருவியுடையது. அதை வேகம் என்று எழுதாதீர்கள்.

மேடே மங்கலாகத் தெரிந்தால் உடனே கருவியைத் திருகவும் வேண்டாம். 1984-ல் இந்த கேலக்ஸியின் அகலக் கோடுகள் ஏறக்குறைய மறைந்தே போயின. தேதியைக் குறித்துவைத்து அடுத்த மாதம் திரும்ப எடுங்கள்.