சீரிஸ் பரிந்துரைக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

"செம சீரிஸ், கண்டிப்பா பாரு" என்றால் யாருக்கும் பயனில்லை. எத்தனை எபிசோட், கதை முடிந்துவிட்டதா, எங்கே சூடு பிடிக்கும் என்று சொன்னால்தான் எதிரில் இருப்பவர் நம்பி உட்காருவார்.

ஒரு வார இறுதிதான் கையில் இருக்கிறது என்பவருக்கு 'செர்னோபில்' (2019). ஐந்தே எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கதையும் முழுசாக முடிந்துவிடும். அவரிடம் போய் 62 எபிசோட் கொண்ட 'பிரேக்கிங் பேட்' பற்றிப் பேசினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். அதன் முதல் சீசன் 7 எபிசோட்தான். அதுவரை பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லலாம்.

'டார்க்' என்றால் இன்னும் கவனம். 3 சீசன், 26 எபிசோட், ஜெர்மன் மொழி. டப்பிங்கில் உதட்டசைவு ஒட்டாது, நடிப்பின் பாதி அங்கேயே போய்விடும். ஆடியோவை ஜெர்மனில் வைத்து சப்டைட்டிலோடு பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் மூன்று வெவ்வேறு வயதுகளில் வருவதால், யார் யாருடைய பிள்ளை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. போனை நோண்டிக்கொண்டே பார்க்கிற ஆளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

'பிளாக் மிரர்' அப்படியில்லை. கிட்டத்தட்ட எல்லா எபிசோடும் தனிக்கதை, பெரும்பாலும் எங்கிருந்தும் தொடங்கலாம்.

பாதியில் நிற்பவர் கதாபாத்திரத்தின் பெயரைக் கூகுளில் தட்டக் கூடாது. பெயரை முடிப்பதற்குள் 'இறப்பு' என்று அதுவே எடுத்துக்கொடுத்துவிடும்.