பார்வை இல்லாத பசங்களும் ஸ்கூல் செஸ் டீம்ல ஆடலாம், இப்படி

ஸ்கூல் செஸ் கிளப்ல பார்வை இல்லாத பையனோ பொண்ணோ சேரணும்னு கேட்டா தயங்கவே வேணாம், இதுக்குன்னே தனி போர்டு கிடைக்குது. கறுப்புக் கட்டமெல்லாம் கொஞ்சம் மேடா இருக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் ஓட்டை, காய்க்கு அடியில குச்சி, அதனால தடவிப் பார்த்தாலும் சாயாது, வெள்ளையா கறுப்பான்னு கை வச்சாலே தெரியுற மாதிரி அடையாளமும் இருக்கும். எதிர்ல ஆடுறவங்க சாதாரண போர்டுலயே ஆடட்டும், ஆனா ஒவ்வொரு மூவையும் வாய்விட்டு சொல்லணும், கேட்டவங்க அதைத் திருப்பிச் சொல்லிட்டு தன் போர்டுல வைக்கணும், அவ்ளோதான். போர்டுல நெடு வரிசைக்கு வச்சிருக்கிற எழுத்துல பி, டி, ஈ எல்லாம் காதுக்கு ஒண்ணு போலவே கேட்கும்ல, அதான் டோர்னமென்ட்ல பெல்லா, டேவிட், ஈவான்னு பேர் வச்சு சொல்றாங்க.

கோச்சுங்க முக்கியமா கவனிக்க வேண்டியது தொட்ட காய் ரூல், அதாவது தொட்ட காயையே ஆடணும்ங்கிறது. தடவுறது கணக்குல வராது, ஓட்டையிலிருந்து வெளிய எடுத்தாதான் தொட்டதா அர்த்தம். இது தெரியாம எதிர் டீம் சண்டைக்கு வரும், மேட்சுக்கு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

ஸ்கூல்ல முடியாதுன்னு சொன்னா மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-ஐ காட்டுங்க, விளையாட்டுலயும் சம வாய்ப்பு தரணும்னு தெளிவாவே இருக்கு.