அல்பெர்னி கடற்கழியில் சாக்கை சால்மன் பிடிக்கும் முறை

கனடாவின் வான்கூவர் தீவில், பசிபிக் கரையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உள்ளே நீண்டு, போர்ட் அல்பெர்னி ஊரில் முடிகிறது அல்பெர்னி கடற்கழி. அங்கே சோமாஸ் ஆறு வந்து கலக்கிறது. அந்த ஆற்றின் வழியாகத்தான் சாக்கை சால்மன்கள் ஜூன், ஜூலை மாதங்களில் கிரேட் சென்ட்ரல், ஸ்ப்ரோட் ஆகிய ஏரிகளுக்கு முட்டையிடச் செல்கின்றன. மழை குறைந்து ஆற்றுநீர் சூடேறிவிட்டால், மீன்கள் மேலே ஏறாமல் கழியின் ஆழத்துக் குளிர்நீரில் கூட்டமாகக் காத்துக் கிடக்கும். தூண்டில்காரர்களுக்கு அதுவே நல்ல காலம்.

முதலில் உரிமம். கடல்நீர் மீன்பிடி உரிமத்துடன், பிடித்த சால்மனை வைத்துக்கொள்வதற்கான தனி முத்திரையும் வேண்டும். ஒருவருக்கு எத்தனை மீன் என்ற வரம்பு பருவத்தின் நடுவிலேயே மாறக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய இரவு மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். கொக்கியின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள் இருக்கக் கூடாது. இருந்தால் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடலாம்.

சாக்கை, சின்னூக் என்ற இன்னொரு சால்மன் இனத்தைப் போலச் சிறுமீன்களைத் துரத்தி வேட்டையாடுவதில்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத மிதவை உயிரிகளையும் சிறு இறால் வகைகளையும் உண்டு வளர்வது. ஆகவே பெரிய இரை இங்கே வீண். இளஞ்சிவப்பு நிறத்தில், விரல் நீளத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் கணவாயைக் கொக்கியில் மாட்டி, அதற்கு ஒரு முழத்தைவிடச் சற்றே நீளமான தூண்டில் நரம்பு விட்டு, பளபளக்கும் ஃபிளாஷர் தகட்டின் பின்னால் கட்டுங்கள். நரம்பு நீண்டுவிட்டால், தகடு சுழன்றாலும் அந்தத் துள்ளல் கணவாயை எட்டாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். ஈய எடையால் தூண்டிலை ஆழத்தில் நிறுத்தும் டவுன்ரிக்கர் கம்பியில், கொக்கியில்லாத வெறும் தகடுகளை மேலும் ஒன்றிரண்டு தொங்கவிடுவோரும் உண்டு. கூட்டமாகவே திரியும் மீனுக்கு, அந்த மினுக்கம் இன்னொரு கூட்டம் போலத் தோன்றும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

படகை, மனிதர் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகச் செலுத்துங்கள். 10 மீட்டர் ஆழத்தில் தொடங்கி, எதிரொலிமானியில் மீன்கூட்டம் தெரியும் மட்டத்துக்குத் தூண்டிலை இறக்கிக்கொண்டே போகலாம். பிற்பகலில் கழியின் வழியே காற்று எழுந்து அலை குறுக்கிடும் என்பதால் விடியற்காலையே உகந்தது.

மீன் கடித்ததும் கோலைச் சுண்டி இழுக்காதீர்கள். சாக்கையின் வாய் மென்மையானது. எதிர்முள் இல்லாத கொக்கி, நரம்பு சற்றுத் தளர்ந்தாலே நழுவிவிடும். கோல் வளைந்தபடியே இருக்க, சீராகச் சுற்றிக் கொண்டுவந்து, மீனின் தலை முதலில் நுழையும்படி கைவலையைப் பிடியுங்கள்.

வைத்துக்கொள்ளும் முன் இனத்தை உறுதி செய்யுங்கள். ஈறு கறுத்து, வால் முழுதும் புள்ளி இருந்தால் அது சின்னூக். சாக்கைக்குக் கண் பெரிது, முதுகிலும் வாலிலும் தெளிவான கரும்புள்ளி இராது. சாக்கைதான் என்று தெளிந்ததும் தலையில் ஓங்கி ஓரடி அடித்து, செவுளை அறுத்துக் குருதியை வடியவிட்டு, உடனே பனிக்கட்டியில் புதையுங்கள். வெயிலில் அரைமணி கிடந்தாலே அந்தச் செக்கச் சிவந்த சதை குழைந்துவிடும்.