ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தால் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

குடியாத்தத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். நம் செல்லின் கருவையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஏஎன்ஏ சோதனை. ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லார் கண்ணும் ‘பாசிட்டிவ்’ என்பதில்தான் போய் நிற்கும். அதை விடுங்கள், பக்கத்தில் இருக்கும் டைட்டரைப் பாருங்கள்: 1:40, 1:80, 1:320 என்று இருக்கும். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்க்க வைத்து, செல் ஒட்டிய ஸ்லைடில் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எந்த அளவு நீர்த்த பிறகும் பச்சையாக மின்னுகிறதோ, அதுதான் அந்த எண். பெரிய எண் என்றால் எதிர்ப்பொருள் அதிகம். 1:40 அளவில் நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வரும். மைக்ராஸ்கோப் இல்லாமல் மெஷினில் அளக்கும் எலிசா முறையில் எடுத்தால் இந்த எண்ணே இருக்காது, அதனால் இரண்டு லேப் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் 1:80 ரிப்போர்ட்டோடு வந்தார். “கூகுள்ல பார்த்தேன் தம்பி, கிட்னி போயிடுமாமே?” மூட்டு வீக்கம், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, ஆறாத வாய்ப்புண் ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. சிறுநீரில் புரதமும் இல்லை. லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டு, தோல், சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். 2019இல் வந்த லூபஸ் வகைப்பாட்டில் 1:80 என்பது வாசல்படிதான். அதற்கு மேல் உடம்பில் அறிகுறி வேண்டும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, டாக்டரிடம் ஏஎன்ஏ, சிறுநீர் இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே காட்டச் சொன்னேன்.

முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆர்ஏ ஃபேக்டர் சோதனையும் இப்படித்தான். வயதானவர்களுக்கும், டிபி, ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும் கூடும். முடக்குவாதம்தானா என்று பார்க்க ஆன்டி-சிசிபி என்ற இன்னொரு ரத்தச் சோதனை அதைவிட நம்பகமானது. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி. அறுபது வயது அம்மாவுக்கு 35 என்றால் பதற வேண்டாம். ரத்தசோகை இருந்தாலும் ஏறும், நம் பக்கத்தில் அது இல்லாத வீடு எது?

லூபஸ் என்று உறுதியானவர்கள் சிலர் ஏஎன்ஏவை மாதாமாதம் எடுக்க வருகிறார்கள். வீண் செலவு, நோய் ஏறுவதும் இறங்குவதும் அதில் தெரியாது. டாக்டர் எழுதித் தரும் டிஎஸ்-டிஎன்ஏ எதிர்ப்பொருள், சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள், சிறுநீர்ப் புரதம் இவற்றைத் தவறாமல் எடுங்கள். வலியே இல்லாமல் சிறுநீரகம் கெடத் தொடங்குவதைச் சிறுநீர்தான் முதலில் காட்டும். முடிந்தால் காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரையே கொண்டு வாருங்கள்.